12 வாரத்துல பரிசீலிக்கச் சொன்னா கேஸ் ஜெயிச்சதா அர்த்தமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல மாவட்டச் செய்திப் பக்கத்துல "ஐகோர்ட் கிளை அதிரடி"ன்னு அடிக்கடி ஒரு தலைப்பு வந்துருது. என்னடா அதிரடின்னு உள்ள போய் படிச்சா, மனுதாரரோட மனுவ 12 வாரத்துக்குள்ள பரிசீலிச்சு சட்டப்படி முடிவெடுக்கணும்னு தாசில்தாருக்கோ கமிஷனருக்கோ கலெக்டருக்கோ நீதிபதி உத்தரவு போட்டு கேஸ முடிச்சு வச்சாருன்னு இருக்கும். அவ்வளவுதான் சார் மேட்டர். நான் மதுரையில ரொம்ப காலமா வக்கீல் குமாஸ்தாவா இருக்கேன், இந்த மாதிரி ஆர்டர் காப்பிய வாங்கி கேஸ் கட்டுல சொருகுறதே என் பொழப்பு, அதனால சொல்றேன், அந்த ஆர்டர்ல பெரும்பாலும் யாரு பக்கம் நியாயம்னு ஒரு வரி கூட இருக்காது. கோரிக்கையோட தகுதி பத்தி நாங்க எந்தக் கருத்தும் சொல்லலன்னு தெளிவா எழுதிட்டுத்தான் கீழ 12 வாரம்னு போட்டிருப்பாங்க. அந்த வரிய உங்க நிருபருங்க விட்டுர்றாங்க. அத விட்டுட்டு மிச்சத்த படிக்கிறவனுக்கு மனுதாரர் ஜெயிச்ச மாதிரியே தெரியுது.

இதனால என்ன ஆகுதுன்னா எங்ககிட்ட கேஸ் குடுத்த கட்சிக்காரர் பேப்பர் கட்டிங்க சட்டைப் பையில வச்சுக்கிட்டு ஆபீசுக்கு வர்றார். "பேப்பர்லயே போட்டுட்டாங்களேண்ணே, இனிமே தாசில்தார் பட்டா குடுத்துத்தானே ஆகணும்?"னு கேக்கறார். இல்லண்ணே, குடுக்கவும் செய்யலாம் மாட்டேன்னும் சொல்லலாம், ஏதோ ஒண்ண 12 வாரத்துக்குள்ள சொல்லணும், அம்புட்டுதான் ஆர்டர்னு நான் சொன்னா மூஞ்சி சுருங்கிருது. "அப்ப எதுக்குண்ணே இவ்வளவு காசு செலவழிச்சு ஐகோர்ட்டுக்கு வந்தோம்"ங்கிறார். நியாயமான கேள்விதானே, எங்க வக்கீல் ஐயாவே அதுக்கு சட்டுனு பதில் சொல்ல மாட்டார்.

கேஸ் எப்படி அப்படி முடியுதுன்னு சொல்றேன். அரசு அதிகாரிங்க மேல நேரா ஐகோர்ட்டுல போடற மனுவுக்கு ரிட்னு பேரு, அதுல அதிகாரிய ஒரு வேலைய செய்ய வைக்கிற ரகத்துக்கு மேண்டமஸ்னு பேரு, அதக் கேக்கணும்னா முதல்ல அவர்கிட்டயே கேட்டு அவரு செய்யாம இருந்திருக்கணும்ங்கிறது பழைய விதி, அதனால வக்கீல் முதல்ல ஒரு ரெப்ரசன்டேஷன், அதாவது அதிகாரிக்கு கோரிக்கை மனு, எழுதி தபால்ல தட்டிவிடுவார், கொஞ்ச நாள் பாத்துட்டு பதில் வரலன்னா அந்த ரெப்ரசன்டேஷன் தேதியப் போட்டு "இதப் பரிசீலிக்க உத்தரவிடணும்"னு ரிட் ஃபைல் ஆகும். கேஸ எடுக்கலாமான்னு பாக்கற அட்மிஷனுக்கு லிஸ்ட்ல வர்ற அன்னைக்கு அடிஷனல் ஜி.பி., அதாவது அரசு வக்கீல், எந்திரிச்சு அரசு சார்பா நோட்டீஸ் வாங்கிக்கிறேம்பார். நம்ம வக்கீல் "பரிசீலிக்கச் சொன்னா போதும் மை லார்ட்"பார். ஜி.பி.க்கும் ஆட்சேபணை இருக்காது, ஏன்னா அவரு எதையும் விட்டுக்குடுக்கல, கவுன்டர்னு சொல்ற பதில் மனு போட வேண்டியதில்ல, பாராவாரி குறிப்பு அனுப்புங்கன்னு தாலுகா ஆபீசுக்கு போன் மேல போன் போட வேண்டியதில்ல. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள அடுத்த ஐட்டம் கூப்பிட்டுருவாங்க. கேஸ் முடிஞ்ச கணக்குல ஒண்ணு ஏறும். ஆர்டரோட கடைசியில "நோ காஸ்ட்ஸ்"னு இருக்கும், செலவுத்தொகை யாரும் யாருக்கும் கட்ட வேண்டாம்னு அர்த்தம். அன்னைக்கு கோர்ட் ஹால்ல எல்லாருக்கும் வேலை முடிஞ்சுது, கட்சிக்காரருக்கு மட்டும் ஆரம்பிச்ச எடத்துலயே நிக்கிறோம்ங்கிறது அப்பத் தெரியாது.

நான் கோர்ட்டக் குறை சொல்ல வரல. தாசில்தார் வேலைய ஜட்ஜ் பாக்க முடியாது, பாக்கவும் கூடாது. எடத்த அளக்க, அனுபவத்துல யாரு இருக்கான்னு அக்கம்பக்கத்துல விசாரிக்க, கிராமக் கணக்கப் பொரட்ட ஐகோர்ட்டுல ஆளும் கிடையாது. 1994ல டாடா செல்லுலார் கேஸ்னு ஒண்ணு, டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நாலு ஊருக்கும் செல்போன் லைசென்ஸ் குடுக்க விட்ட டெண்டர்ல வந்த தகராறு, அதுல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, அரசு எடுத்த முடிவு சரியா தப்பான்னு அப்பீல் கோர்ட் மாதிரி உக்காந்து பாக்கறது எங்க வேலை கிடையாது, அந்த முடிவ எடுத்த விதம் ஒழுங்கான்னுதான் பாப்போம்னு. அதாவது முடிவெடுக்க இவருக்கு அதிகாரம் இருந்துச்சா, பாதிக்கப்படுற ஆளக் கூப்பிட்டுக் கேட்டாங்களா, பாக்க வேண்டியதப் பாத்தாங்களா, சம்பந்தமில்லாதத உள்ள இழுத்தாங்களா, கொஞ்சமாவது யோசிக்கிற எவனும் எடுக்க மாட்டான்ங்கிற அளவுக்கு கோக்குமாக்கான முடிவா, இதெல்லாம். இதுல ஓட்டை இருந்தா ஆர்டர ரத்து பண்ணி திரும்பப் பாருன்னு அனுப்புவாங்க. அந்த மாதிரி அனுப்புறதுல தப்பே இல்ல, சட்டம் யார் கையில அதிகாரத்தக் குடுத்திருக்கோ அவங்ககிட்டயே விடுறாங்க.

ஆனா இன்ன காரணத்துக்காக ரத்து பண்றேன், இன்னின்னதப் பாத்து புதுசா முடிவெடுன்னு அனுப்புறது ஒரு ரகம், உள்ள என்ன இருக்குன்னே பாக்காம மனுவ பைசல் பண்ணுன்னு அனுப்புறது இன்னொரு ரகம். 2006ல ஆந்திரா பஸ் கார்ப்பரேஷன் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே இத ரெண்டா பிரிச்சு எழுதிச்சு. வெறுமனே பரிசீலிக்கச் சொல்ற ஆர்டர, கோர்ட்டே குடுக்கச் சொல்லிருச்சுன்னு அதிகாரிங்க தப்பா எடுத்துக்கிறாங்கன்னு கூட அதுல இருக்கு. அதிகாரிக்கே அப்படின்னா நம்ம ஜனத்துக்கு எப்படித் தெரியும். உங்க பேப்பர்ல ரெண்டு ரகத்துக்கும் ஒரே தலைப்பு, ஒரே எழுத்து சைஸ்.

இடையில ஒண்ணு சொல்லிர்றேன். இந்த ரிட்டுங்கிறதே நம்ம மாதிரி வெளியூர்க்காரங்களுக்கு 1950க்கு அப்புறம் கெடச்சதுதான். அதுக்கு முன்னாடி சென்னை ஐகோர்ட்டுக்கு அந்த அதிகாரம் மெட்ராஸ் பட்டணத்து எல்லையோட சரி. பர்லாகிமிடி ஜமீன்னு அப்ப மெட்ராஸ் மாகாணத்துல கஞ்சம் மாவட்டத்துல இருந்துச்சு, குடியானவங்க ஜமீனுக்குக் கட்டுற குத்தகைய உசத்தி ரெவின்யூ போர்டு உத்தரவு போட்டுச்சு, அத எதிர்த்து அவங்க ரிட் கேட்டாங்க. போர்டு உக்காந்திருந்தது மெட்ராஸ்ல, ஆனா நிலம் வெளியில இருக்குன்னு சொல்லி அப்ப நமக்கு கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1943ல முடியாதுன்னுருச்சு. அரசியல் சட்டத்துல 226ன்னு ஒரு பிரிவு வந்தப்புறம்தான் எந்தக் கிராமத்து ஆளும் கலெக்டர் மேல ரிட் போடலாம்னு ஆச்சு, 2004 ஜூலை 24ல மதுரைக் கிளை தொறந்தப்புறம் அதுக்காக ராத்திரி பஸ் ஏறி சென்னை போற வேலையும் மிச்சம். இவ்வளவு பெரிய சமாச்சாரத்த நாம பதில் லெட்டர் வாங்குறதுக்கு யூஸ் பண்ணிட்டிருக்கோம்ங்கிறதுதான் என் ஆதங்கம்.

ஒரு கேஸ் சொல்றேன், ஊர் பேரு ஆள் பேரு வேண்டாம். தச்சு வேலை பாக்கறவர், நாலரை சென்ட் எடம் வாங்கி பத்திரம் முடிச்சு உட்பிரிவு பண்ணி பட்டா மாத்தணும்னு இ-சேவையில போட்டார். நிராகரிக்கப்பட்டதுன்னு மெசேஜ் வந்துச்சு, காரணம்னு இருந்த கட்டத்துல "ஆவணங்கள் திருப்திகரமாக இல்லை". எந்த ஆவணம், அதுல என்ன குறைன்னு கிடையாது. ஆபீஸ்ல போய் கேட்டா திரும்பப் போடுங்கங்கிறாங்க, திரும்பப் போட்டா திரும்ப அதே வரி. ரெப்ரசன்டேஷன் போட்டு, ரிட் போட்டு, மேல சொன்ன மாதிரி 12 வார ஆர்டர் வாங்கினாச்சு. 12 வாரம் போச்சு, ஒண்ணும் வரல. வக்கீல் கோர்ட் அவமதிப்பு கேஸ், அதான் கன்டெம்ட், போடுவோம்னு நோட்டீஸ் விட்டதும் விசாரணைக்கு வரச்சொல்லி சம்மன் வந்துச்சு. அவரு மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரத்து நகல் எல்லாத்தையும் மஞ்சப்பையில போட்டுக்கிட்டுப் போனார், ஒரு கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிச்சாங்க.

அப்புறம் வந்துச்சு தாசில்தாரோட செயல்முறை ஆணை. ரெண்டு பக்கம். முதல் பக்கம் பூரா பார்வை, அதாவது பாத்த காகிதங்களோட பட்டியல், பார்வை 1ல மனுதாரர் மனு, பார்வை 2ல ஐகோர்ட் ஆர்டர், பார்வை 3ல வி.ஏ.ஓ. அறிக்கை, பார்வை 4ல சர்வேயர் அறிக்கை. ரெண்டாம் பக்கத்துல இந்த நாலையும் மறுபடி ஒருக்கா வரிசையா சொல்லிட்டு, கடைசி பாராவுல "மேற்கண்ட சூழ்நிலையில் மனுதாரரின் கோரிக்கை ஏற்புடையதாக இல்லை என்பதால் நிராகரிக்கப்படுகிறது"ன்னு முடிச்சுட்டாங்க. எந்த சூழ்நிலைன்னு நானும் திருப்பித் திருப்பிப் படிச்சேன். வி.ஏ.ஓ. அறிக்கையில என்ன இருக்குன்னு ஆணையில இல்ல, அவருக்குக் காப்பியும் குடுக்கல. கோர்ட் சொன்னபடி பரிசீலிச்சாச்சு, முடிவெடுத்தாச்சு, ஆர்டர அமல்படுத்தியாச்சு. கன்டெம்ட்டும் போட முடியாது.

மறுபடி ரிட், இந்தத் தடவ அந்த ஆணைய ரத்து பண்ணச் சொல்லி. சட்டப்படி கோட்டாட்சியர் ஆர்.டி.ஓ.கிட்ட அப்பீல் இருக்கு, அதுக்கு மேல மாவட்ட வருவாய் அலுவலர் டி.ஆர்.ஓ.கிட்ட ரிவிஷன் (மறுஆய்வு) இருக்கு, பட்டா பாஸ்புக் சட்டம் 1983ல அப்படித்தான், அங்க போங்கன்னு ஜி.பி. சொன்னார், காரணமே சொல்லாத ஆர்டர வச்சுக்கிட்டு அப்பீல்ல எதக் கிழிக்கச் சொல்றீங்கன்னு எங்க வக்கீல் கேட்டார், கோர்ட் ரிட்ட எடுத்துக்கிச்சு. இப்பத்தான் கவுன்டர் வருது. அதப் படிச்சா சர்வே நம்பர்ல கூட்டுப்பட்டாதாரர் ஒருத்தர் ஆட்சேபணை பண்ணியிருக்கார்னு இருக்கு, வாய்க்கால் புறம்போக்கு கொஞ்சம் உள்ள வருதுன்னு இருக்கு. ஏங்க, இத அந்த ஆணையில எழுதியிருந்தா அந்த மனுஷன் அப்பவே சர்வேயர கூட்டிட்டு வந்து வாய்க்கால விட்டு அளந்து காட்டியிருப்பாரே. ஆட்சேபணை பண்ணினவர்கிட்ட நேராப் பேசி சம்மதக் கடிதம் வாங்கியிருப்பாரே. இல்ல இது சிவில் கோர்ட் சங்கதின்னு தெரிஞ்சு அங்கயாவது போயிருப்பாரே.

ஆர்டர்ல இல்லாத காரணத்த கவுன்டர் மாதிரி அஃபிடவிட்ல (சத்தியம் பண்ணிக் குடுக்கற எழுத்து வாக்குமூலம்) கொண்டு வந்து ஒட்ட வைக்கிற இந்த வேலைக்கு சுப்ரீம் கோர்ட் எப்பவோ கதவச் சாத்திருச்சு. 1977 பார்லிமென்ட் எலக்ஷன்ல பஞ்சாப் பெரோஸ்பூர் தொகுதியில ஓட்டு எண்றப்ப கலாட்டா ஆகி ஓட்டுச்சீட்டு கொஞ்சம் நாசமாச்சு, தேர்தல் கமிஷன் மொத்தத் தொகுதிக்கும் தேர்தல ரத்து பண்ணிருச்சு, வேட்பாளர் மொகிந்தர் சிங் கில் கோர்ட்டுக்குப் போனார். அந்தத் தீர்ப்புலதான் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார், ஒரு அரசாணைய அதுல எழுதியிருக்கிற காரணத்த வச்சுத்தான் எடைபோடணும், பின்னாடி அஃபிடவிட்லயோ வேற வழியிலயோ புதுக் காரணம் சேர்க்கக் கூடாது, நாள் ஆக ஆக நல்லா ஆகறதுக்கு ஆர்டர் ஒண்ணும் பழைய ஒயின் இல்லன்னு. கில்லுக்கு அந்தக் கேஸ்ல கேட்டது கிடைக்கல, அப்பீல் தள்ளுபடி. ஆனா அந்த ஒரு வரிய வச்சு இன்னிக்கு வரைக்கும் எத்தனையோ பேர் பொழைச்சுக்கிட்டாங்க, எங்க தச்சு ஆசாரியும் சேத்து. தாசில்தார் ஆணை ரத்து ஆச்சு.

கிருஷ்ணய்யர் அத எழுதறதுக்கு 1951ல வந்த இன்னொரு கேஸத்தான் எடுத்துக்கிட்டார், அந்தேரியில ஒருத்தர் சினிமா தியேட்டர் கட்ட பம்பாய் போலீஸ் கமிஷனர் பர்மிஷன் குடுத்துட்டு அப்புறம் கேன்சல் பண்ணின கேஸ். (அதிகாரி எடுத்த முடிவுல கோர்ட் எப்பத் தலையிடலாம்ங்கிற சட்டத்துக்கு இங்கிலாந்துல அடிப்படைன்னு சொல்ற 1947 வெட்னெஸ்பரி கேஸும் சினிமா தியேட்டர் கேஸ்தான், ஞாயித்துக்கிழம படத்துக்கு 15 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகள விடக்கூடாதுன்னு போட்ட கண்டிஷன். சினிமாக்காரங்க இல்லன்னா வக்கீலுங்களுக்கு சட்டமே இல்ல போல.) அந்தேரி கேஸ்ல கமிஷனர் லெட்டர்லயே "அரசு உத்தரவுப்படி கேன்சல்"னுதான் இருக்கு, பின்னாடி கோர்ட்டுல நானே யோசிச்சு எடுத்த முடிவுன்னு சொல்லப் பாத்தாங்க, செல்லல. நான் சொல்ல வர்றது அதோட கடைசி பாகத்த. அங்கயும் கோர்ட் தியேட்டர் கட்டிக்கோன்னு சொல்லல, கமிஷனர பரிசீலிக்கத்தான் சொல்லுச்சு. ஆனா எப்படின்னு சொல்லுச்சு, எல்லாப் பக்கத்தையும் எடைபோட்டு, யாரும் கட்டிப்போடாத உன் சொந்த புத்திய செலுத்தி, குழப்பமில்லாம தெளிவா நீயே ஒரு ஆர்டர் போடுன்னு. பரிசீலிக்கச் சொல்ற ஆர்டர்னா அப்படி இருக்கணும். எங்க ஆசாரிக்கு முதல் தடவயே "வி.ஏ.ஓ., சர்வேயர் அறிக்கை காப்பிய மனுதாரருக்குக் குடு, ஆட்சேபணை இருந்தா யாரு என்னன்னு சொல்லு, அவரு பதிலக் கேட்டு காரணத்தோட எழுது"ன்னு மூணு வரி கூட இருந்திருந்தா ரெண்டாவது கேஸுக்கு வேலையே இல்ல.

பெரிய எடத்துக் கேஸும் இப்படி முடிஞ்சிருக்குங்கிறதச் சொன்னா நெறய பேர் நம்ப மாட்டாங்க. மேனகா காந்தி கேஸ் சட்டம் படிச்சவன் அத்தனை பேருக்கும் மனப்பாடம். 1977 ஜூலையில டெல்லி பாஸ்போர்ட் ஆபீஸ்ல இருந்து லெட்டர் வருது, பொது நலன் கருதி உங்க பாஸ்போர்ட்ட முடக்குறோம், ஏழு நாளைக்குள்ள ஒப்படைங்கன்னு. காரணம் சொல்லுங்கன்னு அந்தம்மா எழுதிக் கேட்டாங்க. காரணத்தோட காப்பியக் குடுக்க முடியாது, அதுவும் பொது நலன் கருதித்தான்னு பதில் வந்துச்சு. 1978 ஜனவரி 25ல தீர்ப்பு, தனிமனித சுதந்திரத்துல கை வைக்கிற நடைமுறை நியாயமா இருக்கணும், ஆளக் கூப்பிட்டுக் கேக்கணும், காரணத்த மறைக்கக் கூடாதுன்னு பக்கம் பக்கமா எழுதினாங்க. ஆனா அந்தம்மாவுக்கு கையில என்ன கெடச்சுதுன்னு பாத்தா, அந்த ஆர்டர கோர்ட் முறைப்படி ரத்தே பண்ணல. ரெப்ரசன்டேஷன் குடுக்கட்டும், வாய்ப்புக் குடுத்துக் கேட்டு சீக்கிரம் முடிவெடுக்கிறோம்னு அரசு தரப்புல அட்டர்னி ஜெனரல் சொன்னார், அத ஏத்துக்கிட்டு கேஸ முடிச்சாங்க, பாஸ்போர்ட் கோர்ட் ரிஜிஸ்ட்ரார்கிட்டயே இருந்துச்சு. நம்ம 12 வார ஆர்டரோட பெரியம்மான்னு வச்சுக்கங்களேன். வித்தியாசம் என்னன்னா அங்க சட்டம் என்னன்னு மொத்தத்தையும் சொல்லிட்டு அதுக்கப்புறம்தான் பரிசீலனைக்கு விட்டாங்க.

காரணம் எழுதச் சொன்னா அதிகாரிங்க ஏன் எழுத மாட்டேங்கிறாங்கன்னா, அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. ரிட்டயர் ஆன ஒரு ரெவின்யூ ஆபீசர் டீக்கடையில வச்சு எங்கிட்ட சொன்னது, "குடுத்தா ஏன் குடுத்தேன்னு விஜிலன்ஸ் வரும், மாட்டேன்னு சொன்னதுக்கு எவனும் விசாரணை வைக்கப் போறதில்ல, மாட்டேன்னும் சொல்லிட்டு காரணத்தையும் எழுதினா அந்தக் காரணத்தப் புடிச்சுத் தொங்குவான், மொட்டையா எழுதினா கோர்ட் திருப்பி அனுப்பும், அதுக்குள்ள நமக்கு டிரான்ஸ்பர் வந்துரும்". சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார், ஆனா சிஸ்டம் மொத்தமும் அதுல இருக்கு. மொட்டை ஆர்டர் போட்டதுக்கு செலவுத்தொகை கட்டுன்னு எந்த ஆர்டர்லயாவது வந்திருந்தா அவரு அப்படிச் சொல்லியிருப்பாரா. எல்லாத்துலயும் "நோ காஸ்ட்ஸ்" தானே.

நம்ம பக்கமும் யோக்கியம் கிடையாது, அதையும் சொல்லணும். செத்துப் போன கேஸுக்கு உசுரு குடுக்க இதே ரூட்ட புடிக்கிறவங்க உண்டு. நம்ம மாநிலத்துல இருந்தே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன ஜேக்கப் கேஸ், 2008ல தீர்ப்பு. 1982ல வேலையில இருந்து நீக்கப்பட்டவர் 2000ல ரெப்ரசன்டேஷன் போடறார், பரிசீலிங்கன்னு அரசு ஊழியர் கேஸப் பாக்கற டிரிப்யூனல் சொல்லுது, டிபார்ட்மென்ட் பரிசீலிச்சு முடியாதுங்குது, உடனே அந்த முடியாதுங்கிற லெட்டர புதுக் கேஸுக்கு ஆதாரமா வச்சு திரும்பக் கோர்ட்டுக்கு வந்தாச்சு. அனுப்பின ஒவ்வொரு மனுவுக்கும் பதில் வாங்க உரிமை இருக்குன்னு நெனச்சுக்கிட்டு கோர்ட்டுங்க இப்படி ஆர்டர் போட்டா காலம் கடந்த கேஸெல்லாம் எந்திரிச்சு வந்துரும்னு சுப்ரீம் கோர்ட் எச்சரிச்சது. உள்ள என்ன இருக்குன்னு ஒரு பார்வை பாத்துட்டு போட்டா இவங்களும் வடிகட்டப்படுவாங்க, நெசமான ஆளுக்கும் உருப்படியா ஒரு ஆர்டர் கிடைக்கும்.

இதுல வேடிக்கை என்னன்னா, காரணம் சொல்லணும்ங்கிறது கோர்ட்டு மட்டும் சொல்ற விஷயம் கிடையாது, சட்டமாவே எழுதி வச்சிருக்கு. தகவல் உரிமைச் சட்டம் 2005ல 4(1)(டி)ன்னு ஒரு உட்பிரிவு. நிர்வாக முடிவோ விசாரிச்சு எடுத்த முடிவோ, பாதிக்கப்பட்டவங்களுக்கு அதுக்கான காரணத்தக் குடுக்கணும்னு ஒவ்வொரு அரசு ஆபீஸுக்கும் கடமை. யாரும் 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டுக் கேக்க வேண்டியது கூட இல்ல, தானாக் குடுக்கணும். நான் பாத்த வரைக்கும் ஆர்.டி.ஐ.ன்னா ஜனங்களுக்கு மனுப் போடறதுதான் தெரியுது, இந்த நாலாம் பிரிவ வக்கீலுங்க கூட அஃபிடவிட்ல சேக்கறது அபூர்வம். 2024 நவம்பர் 13ல, அதிகாரிங்க புல்டோசர் வச்சு வீடுகள இடிச்ச விவகாரத்துல சுப்ரீம் கோர்ட் குடுத்த தீர்ப்புலயும் இதேதான், இடிக்கிறதுக்கு முன்னாடி 15 நாள் நோட்டீஸ், நேர்ல கேக்கணும், கடைசி ஆர்டர்ல அவன் சொன்ன பதில் என்ன, அத ஏன் ஏத்துக்கல, இடிக்கிறதத் தவிர வேற வழி ஏன் இல்லன்னு எழுதணும். வீட்ட இடிக்கிறதுக்கு இவ்வளவு வேணும்னா பட்டா மறுக்கிறதுக்கு ரெண்டு வரி எழுதக் கூடாதா.

ஆசிரியர் ஐயா, உங்ககிட்ட கேக்கறது பெருசா ஒண்ணுமில்ல. ஐகோர்ட் செய்தி போடறப்ப கோர்ட் என்ன பண்ணுச்சுன்னு ஒரு வரி சரியாப் போடுங்க, ஆணைய ரத்து பண்ணுச்சா, இடைக்காலத் தடை குடுத்துச்சா, குடுத்தே ஆகணும்னு சொல்லுச்சா, இல்ல மனுவப் பாருன்னு மட்டும் சொல்லுச்சா. கடைசி ரகத்துக்கு அதிரடி வேண்டாமே. அப்புறம் அந்த 12 வாரம் முடிஞ்சப்புறம் ஒரு நிருபர அந்த ஊருக்கு அனுப்பி என்ன ஆச்சுன்னு கேட்டுப் போடுங்க, அதுதான் செய்தி. எல்லாத்துக்கும் முடியாது, அப்பப்ப ஒண்ணு ரெண்டாவது. எந்த ஆபீஸ்ல மொட்டை ஆர்டர் போடறாங்கன்னு பேப்பர்ல வர ஆரம்பிச்சா டீக்கடை ஆபீசர் சொன்ன கணக்கு கொஞ்சமாவது மாறும்.

படிக்கிறவங்களுக்கு ஒண்ணு. கையில பரிசீலிக்கச் சொன்ன ஆர்டர் இருந்தா காப்பி கைக்கு வந்ததும் ஒரு கவரிங் லெட்டரோட அதிகாரிக்கு அனுப்பி அத்தாட்சிய வச்சுக்கங்க, பெரும்பாலான ஆர்டர்ல 12 வாரம் எண்ணுறதே காப்பி அவருக்குக் கெடச்ச நாள்ல இருந்துதான், கோர்ட் அவருக்குச் சொல்லியிருக்கும்னு வீட்டுல உக்காந்திருக்காதீங்க. கெடு முடிஞ்சும் ஒண்ணும் வரலன்னா கன்டெம்ட் போட ஒரு வருஷம்தான், 1971 சட்டத்துல 20ஆம் பிரிவு. அந்த வருஷம் போனப்புறம் கேஸ் கட்டத் தூக்கிட்டு வர்றவங்கதான் அதிகம். விசாரணைக்குக் கூப்பிட்டா வெறுங்கையோட போகாதீங்க, என்னென்ன குடுத்தோம்னு எழுத்துல குடுத்து ரெண்டாவது காப்பியில சீல் வாங்கிட்டு வாங்க.

அரசாங்கத்துக்கு ஒரே ஒரு வேண்டுகோள், இத நீங்க போட்டா யாராவது படிப்பாங்க. இ-சேவையில நிராகரிக்கிறப்ப அந்த காரணக் கட்டத்துல ரெடியா வச்சிருக்கிற வரியத் தட்டிவிடுற வசதிய எடுத்துருங்க. எந்த ஆவணம், என்ன குறை, எந்த விதி, அப்பீல் யார்கிட்ட எத்தனை நாளைக்குள்ள, இந்த நாலையும் நிரப்பாம நிராகரிப்பு பட்டன் வேலை செய்யக் கூடாதுன்னு அந்த சாஃப்ட்வேர்லயே வச்சுருங்க. அதுக்கு புதுச் சட்டம் ஒண்ணும் வேண்டாம்.

இப்படிக்கு,
வக்கீல் குமாஸ்தா ஒருவர்,
மதுரை.